ரீஃபண்ட் வாங்கித் தரும் மகராசன்

ஜூலை பிறந்தால் அலுவலக கேன்டீன்களில் ஒரு பெயர் ரகசியமாக உலவும். "அவரிடம் கொடுங்கள், பிடித்த வரி முழுக்கத் திரும்பி வந்துவிடும்." அந்த 'அவர்' ஆடிட்டரா, வக்கீலா, வெறும் ஏஜென்டா என்று யாரும் விசாரிப்பதில்லை. கமிஷன் எவ்வளவு என்பது மட்டுமே கேள்வி.

2025 ஜூலையில் வருமானவரித் துறை இத்தகைய 'அவர்'களைத் தேடி நாடு முழுவதும் 150 இடங்களில் சோதனை போட்டது. கொடுக்காத நன்கொடை, வாங்காத கல்விக் கடன், கட்டாத வாடகை எல்லாம் கழிவாகக் காட்டப்பட்டிருந்தன. கணக்குத் தாக்கலுக்கென்றே ஈமெயில் முகவரி தொடங்கி, பிறகு கைவிட்டுவிடுவார்கள். நோட்டீஸ் வந்தது வாடிக்கையாளருக்கே தெரியாது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் பொய்க் கழிவுகளைத் தாங்களாகவே வாபஸ் வாங்கியிருந்தார்கள்.

காரணம் எளிது. யார் எழுதினாலும் சட்டத்தின் முன் அது உங்கள் கணக்கு. பொய்த் தகவல் தந்து குறைத்த வரியைப் போல இரு மடங்கு அபராதம். வரியும் வட்டியும் தனி. கமிஷன் வாங்கியவர் இதில் பங்கு கேட்க வரமாட்டார்.

சம்பளமும் வங்கி வட்டியும் மட்டுமே வருமானம் என்றால் உங்களுக்கு யாரும் தேவையில்லை. துறையின் இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம், கட்டணம் இல்லை. வீடு விற்றவர், பங்கு வியாபாரம் செய்பவர், சொந்தத் தொழில் நடத்துபவர் ஆடிட்டரிடம் போவது நல்லது. வரித் தணிக்கை அறிக்கையில் சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட் மட்டுமே கையெழுத்திட முடியும். விவகாரம் தீர்ப்பாயம்வரை போனால் வரிச் சட்டம் தெரிந்த வக்கீலும் வாதாடலாம்.

ஆடிட்டரிடம் உறுப்பினர் எண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். 2019 முதல் அவர் தரும் சான்றிதழ்களுக்குத் தனி அடையாள எண் உண்டு. அதை அவர்களது இன்ஸ்டிடியூட்டின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். ரீஃபண்டில் சதவீதம் கேட்பது அவர்களது தொழில் நெறிக்கே விரோதம். ஈமெயிலும் மொபைல் எண்ணும் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

நல்ல ஆலோசகர் முதலில் ரசீதைக் கேட்பார். ரசீதே வேண்டாம் என்பவரிடமிருந்து ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.