சுத்தியல் எடுக்க வெட்கமா?

நம் நாட்டில் வருஷத்தில் ஒரு நாள் சுத்தியலுக்கும், உளிக்கும், திருப்புளிக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்துக் கும்பிடுவதும், மற்ற 364 நாட்களிலும் அதே சுத்தியலைக் கையால் தொடுவதை மரியாதைக் குறைவாய்க் கருதுவதும் வழக்கமாயிருந்து வருகின்றன. படித்து, உத்தியோகம் பார்த்து, சொந்தத்தில் வீடும் கட்டிக்கொண்ட ஒருவர் வீட்டில் குழாய் சொட்டினால், அது மாதக்கணக்காய்ச் சொட்டிக்கொண்டே இருக்கிறது. கேட்டால் "ஆள் வரவில்லை" என்கிறார். ஒரு ரப்பர் வாஷரை மாற்றுவதற்கு ஆள் எதற்கு என்று நாம் கேட்கின்றோம்.

இதற்குக் காரணம் வேலை தெரியாமை மாத்திரமல்ல. கைவேலை என்பது சில ஜாதியார் பிறவியினால் செய்ய வேண்டியது என்றும், அதைச் செய்யாமலிருப்பதே பெரிய மனிதத் தன்மை என்றும் நம் மூளையில் ஏற்றப்பட்டிருக்கும் எண்ணமே முக்கிய காரணமாகும். பூணூலை அறுத்தாலும், புராணத்தைக் கொளுத்தினாலும், கையில் அழுக்குப்படுவதற்கு வெட்கப்படுகிறவரிடம் வருணாசிரமம் இன்னும் குடியிருக்கிறது என்றுதான் சொல்லுவோம்.

வேலைதான் அப்படி என்ன கஷ்டம்? பழைய மாதிரித் திருகு குழாயானால், வால்வை மூடித் தண்ணீரை நிறுத்திவிட்டு, தலைப்பாகத்தைக் கழற்றினால் உள்ளே தேய்ந்த வாஷர் இருக்கும். அதையே கடைக்கு எடுத்துப் போய் அதே அளவில் வேறொன்று வாங்கிப் போட்டு முறுக்கினால் காரியம் முடிந்தது. விநாடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளொன்றுக்கு 86,400 சொட்டு வீணாகிறது என்பதைச் சிறுபிள்ளையும் கணக்கிட்டுச் சொல்லும்.

சுவரில் ஓதம் ஏறினால் வாஸ்துக்காரரைக் கூப்பிட்டு, பணத்தைக் கொட்டி வாசற்படியை வேறு திசைக்கு மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓதத்துக்குத் திசை தெரியாது, வழிதான் தெரியும். மழை நாளில் மட்டும் கூரையை ஒட்டிச் சுவர் நனைந்தால் மொட்டை மாடியின் வெடிப்பையும், குப்பை அடைத்த மழைநீர்க் குழாயையும் பாருங்கள். மழை இல்லாத நாளிலும் ஒரே இடம் நனைந்தால் சுவருக்குள் போகும் தண்ணீர்க் குழாயைச் சந்தேகியுங்கள். தரையிலிருந்து முழங்கால், இடுப்பு அளவுக்கு உப்புப் பூத்து ஏறினால் அது மண்ணின் ஈரம். காரணத்தைக் காணாமல் மேலே வர்ணம் பூசுவது, காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை போடுவதற்கு ஒப்பாகும்.

வெடிப்பை அடைக்கச் சிமெண்டு பூசுகிறவர்கள் அது காய்ந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சிமெண்டு காய்வதால் இறுகுவதில்லை; தண்ணீரோடு சேர்ந்து மாறுவதால் இறுகுகிறது. ஆகவேதான் சாதாரணச் சிமெண்டுக் கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாய் வைத்திருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதியே கூறுகிறது. பூசிய மறுநாளே வெயிலில் விட்டுவிட்டு, பிறகு "ராசியில்லாத வீடு" என்பதில் என்ன புத்தியிருக்கிறது?

எல்லாவற்றிலும் கை வைக்கலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பகுத்தறிவு என்பதில் தன் எல்லையை அறிவதும் சேர்ந்ததே. சுவர் வெடிப்பின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வையுங்கள். கோட்டைத் தாண்டி அது நீண்டால் பொறியாளரை அழையுங்கள். பியூஸ் எரிந்து போவது, எங்கோ கோளாறு இருக்கிறதென்ற எச்சரிக்கை. அந்த இடத்தில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டுவது, கூவும் காவற்காரன் வாயை அடைப்பதாகும். மெயின் சுவிச்சை நிறுத்தி, டெஸ்டர் வைத்துப் பாராமல் எதையும் தொடக்கூடாது. புதிதாய் ஒயர் இழுக்கும் வேலை உரிமம் பெற்றவருடையது.

மலத்தொட்டி விஷயமோ முற்றிலும் வேறு. அதற்குள் தேங்கும் விஷவாயு இரண்டொரு மூச்சிலேயே ஆளை வீழ்த்திவிடும். நீங்களும் இறங்கக்கூடாது, காசு கொடுத்து இன்னொருவரையும் இறக்கக்கூடாது. போதிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் வருஷத்துச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. உறிஞ்சும் லாரி இருக்க, ஒரு ஜாதியாரை மாத்திரம் குழிக்குள் தேடுகிற புத்தி எந்தச் சாஸ்திரத்திலிருந்து வந்தது என்பதை அவரவரே யோசித்துக்கொள்ளட்டும்.

"இப்படி அவரவரே செய்துகொண்டால் தொழிலாளி வயிறு என்ன ஆவது?" என்று சிலர் கேட்கக்கூடும். சில்லறை வேலைக்கு அழைத்தால் வர நேரமில்லாத நிலையில்தான் கைத்தேர்ந்தவர் பலர் இருக்கின்றனர். அன்றியும், ஒரு கதவுக் கீலைத் தானே கழற்றி மாட்டிப் பார்த்தவன், தச்சர் கேட்கும் கூலியில் பேரம் பேசமாட்டான். தகப்பன் வயதுள்ள கொத்தனாரை "வாடா, போடா" என்றும் கூப்பிடமாட்டான். வேலையின் அருமை கைக்குத் தெரிந்தால்தான் வாய்க்கு மரியாதை வரும்.

ஆகவே தோழர்களே! வீட்டுக்கு ஒரு சுத்தியல், திருப்புளி, குறடு, ஸ்பானர், டெஸ்டர், அளவு நாடா வாங்கி வையுங்கள். மகனுக்கு மாத்திரமல்ல, மகளுக்கும் அவற்றைக் கையாளச் சொல்லிக் கொடுங்கள். நல்ல நாள் பார்க்க வேண்டியதில்லை. குழாய் சொட்டுகிற நாளே நல்ல நாள்.