லைசென்ஸ் கிடைச்சா ரிவால்வரா, பிஸ்டலா? எடையும் ரேஞ்சும் பார்த்தா போதாது... ஏன்?

2014 ஜனவரியில் கான்பூர் அரசு தொழிற்சாலை ஒரு ரிவால்வரை அறிமுகம் செய்தது. பெயர் 'நிர்பீக்'. எடை சுமார் 500 கிராம், டைட்டானியம் கலவை, விலை சுமார் ரூ.1.22 லட்சம். 2012 டிசம்பர் டெல்லி கொடூரத்துக்குப் பிறகு, பெண்களின் ஹேண்ட்பேக்கில் அடங்கும் துப்பாக்கி என்றே இது விளம்பரம் செய்யப்பட்டது. பெண்களைப் பாதுகாக்க வேண்டிய அரசு, அவங்க கையில் துப்பாக்கியைக் கொடுத்துட்டு ஒதுங்குதா என்ற எதிர்ப்பும் அப்போதே எழுந்தது.

2023 ஆகஸ்டில் அடுத்த ரிவால்வர் 'பிரபல்' வந்தது. தயாரிப்பு, கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நம்ம திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் இந்த நிறுவனத்தின் கீழ்தான் வருது. இந்த முறை விளம்பரத்தில் முன்னால் நின்றது '50 மீட்டர் ரேஞ்ச்'.

எடை, ரேஞ்ச்... இந்த ரெண்டையும் வெச்சு ஒரு கைத்துப்பாக்கியைத் தேர்வு செய்ய முடியுமா? முடியாது என்பதுதான் பதில். காரணத்தைப் பார்க்கலாம்.

சினிமாவில் பார்க்கும் துப்பாக்கியை வாங்க முடியுமா?

முடியாது. போலீஸ் இடுப்பில் இருக்கும் 9 எம்எம் பிஸ்டல் பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். .38, .45 போன்றவையும் அப்படித்தான். அதனால் இந்தியாவில் சாதாரண லைசென்ஸ்தாரர் கைத்துப்பாக்கி வாங்கப் போனால், பெரும்பாலும் கிடைப்பது .32 ரகம். அதில்தான் ரிவால்வரா, பிஸ்டலா என்ற கேள்வி வருது.

இங்கே ஒரு குழப்பமும் உண்டு. ரெண்டுமே '.32' என்றாலும் தோட்டா ஒன்றல்ல. நிர்பீக் போன்ற ரிவால்வருக்கான தோட்டா வேறு, 'அஷானி' போன்ற பிஸ்டலுக்கான தோட்டா வேறு. மாற்றிப் போட்டால் வேலைக்கு ஆகாது, ஆபத்தும்கூட.

நம்பகத்தன்மை: எது கைவிடாது?

ரிவால்வரில் 6 தோட்டாக்கள் ஒரு சிலிண்டரில் இருக்கும். ஒரு தோட்டா வெடிக்கலைன்னா, விசையை மறுபடி அழுத்தினால் போதும், சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். வேறு எதுவும் செய்ய வேண்டாம். இதுதான் ரிவால்வரின் பெரிய பலம். ஆனா சிலிண்டரே சிக்கிக்கிட்டா அந்த இடத்தில் சரி செய்வது கஷ்டம். மெக்கானிக்கிடம்தான் போகணும்.

பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுட்டதும், மேலே இருக்கும் ஸ்லைடு பின்னால் போய் காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை உள்ளே இழுக்கும். தோட்டா தரமில்லாமல் இருந்தாலும், மேகசின் அழுக்காக இருந்தாலும், பிடி தளர்ந்திருந்தாலும் இந்த வேலை பாதியில் நின்றுவிடலாம். அப்போ ஸ்லைடை இழுத்து, சிக்கியதை வெளியே எடுத்து, மறுபடி தயார் செய்யணும். பயிற்சி உள்ளவருக்கு இது சில விநாடி வேலை. பயிற்சி இல்லாதவருக்குப் பதற்றத்தில் கை ஓடாது.

கையாள்வது: எது சுலபம்?

ரிவால்வரில் விசை கொஞ்சம் கடினமா இருக்கும். விரலில் பலம் குறைவானால் குறி நகரும். பிஸ்டலில் விசை பொதுவாக லேசு, ஆனா ஸ்லைடை இழுக்கக் கையில் பலம் வேணும். பாதுகாப்பு லிவரை விடுவிக்கவும் மறக்கக் கூடாது.

லேசான துப்பாக்கி என்றால் சுலபம்னு நினைப்பதுதான் பெரிய தவறு. பையில் தூக்கிட்டுப் போக லேசானது வசதி. ஆனா சுடும்போது எடை குறைந்த துப்பாக்கிதான் கையை அதிகமா உதைக்கும். குழல் சின்னதா இருந்தா குறியில் ஏற்படும் சின்னப் பிசகும் பெரிதாகும். தற்காப்புக்கான தூரமோ பெரும்பாலும் ஒரு ஆட்டோவின் நீளம்தான். அங்கே 50 மீட்டர் ரேஞ்ச் எதுக்கு?

காலி செய்வதில் உள்ள ஆபத்து

ரிவால்வரைத் திறந்தால் எத்தனை தோட்டா இருக்குன்னு கண்ணுக்குத் தெரியும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றிய பிறகும் குழலின் பின்பகுதியில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். 'மேகசின்தான் கழற்றியாச்சே' என்ற நினைப்பில் விசையைத் தொட்டால் உயிர் போகும். குழந்தைகள் இருக்கும் வீட்டில், எது வேகமாகச் சுடும் என்பதைவிட எதைச் சந்தேகமில்லாமல் காலி செய்ய முடியும் என்பதுதான் முதல் கேள்வி.

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் இருக்கிறீங்களா?

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி. சைக்கிள் செயினே சீக்கிரம் துருப்பிடிக்கும் காற்று அது. துப்பாக்கியின் உடல் டைட்டானியமாக இருக்கலாம், தோட்டாவும் ஸ்பிரிங்கும் அப்படி இல்லையே. தோல் உறையிலேயே மாதக்கணக்கில் வைத்தால் ஈரத்தை அது பிடித்துக்கொள்ளும். அடிக்கடி துடைத்து லேசாக எண்ணெய் பூசணும், ஆனா தோட்டாவில் எண்ணெய் படக்கூடாது. உள்ளே இறங்கினால் மருந்து கெட்டு, வெடிக்காமலே போகலாம். அலமாரியில் கவனிக்காமல் கிடந்தால் எந்த ரகமும் நம்பகமில்லை.

சட்டம் என்ன சொல்லுது?

1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயம், குறைந்தபட்ச வயது 21. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், லைசென்ஸ் காலம் 5 ஆண்டு. கல்யாணம், திருவிழா என்று கொண்டாட்டத்தில் அலட்சியமாகச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். 2016 விதிகள் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சியையும், பத்திரமாக வைக்கும் ஏற்பாட்டையும் கேட்கின்றன. தேர்தல் நேரத்தில் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம்.

சரி, அப்போ எது?

பயிற்சிக்கு அடிக்கடி போக முடியாதவருக்கு ரிவால்வரின் எளிமை பொருந்தும். தொடர்ந்து பயிற்சி எடுப்பவர் பிஸ்டலை யோசிக்கலாம். எதுவானாலும் கடைக்காரர் சொல்லும் எடை, ரேஞ்ச் கணக்கைக் கேட்டுப் பணம் கட்ட வேண்டாம். காலித் துப்பாக்கியைக் கையில் வாங்கி, பாதுகாப்பான திசையில் பிடித்து, மூன்று விஷயம் பாருங்க. விசையை உங்க விரலால் சீராக அழுத்த முடியுதா? யார் உதவியும் இல்லாமல் திறந்து மூட முடியுதா? காலியா இல்லையான்னு இருட்டில்கூடத் தடவிப் பார்த்துச் சொல்ல முடியுதா?

மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும், அது உங்களுக்கான துப்பாக்கி இல்லை. மூன்றுக்கும் 'ஆமாம்' சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு ஒருநாள்கூடப் பயிற்சிக்குப் போகலைன்னா, ஆபத்து நேரத்தில் அது உங்களைவிட எதிரிக்குத்தான் பயன்படும்.