மூன்று பற்சில்லுகளுக்காக முழுச் சில்லையும் மாற்றவா?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் மின்சார சைக்கிள் வைத்திருப்பவர்களும் வாங்க யோசிப்பவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீதியில் ஒரு ராத்தா இருக்கிறார். சுபஹுக்கு முன்னரே எழும்பி இடியப்பம் அவித்து, விடியும்போது நான்கு கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். 2022 இல் 92 ஒக்டேன் பெற்றோல் லீட்டர் 470 ரூபாவுக்குப் போனதும், கியூஆர் அட்டைக்கு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் என்று அளந்து தந்ததும் நமக்கு மறந்திருக்காது. அந்த நாட்களில்தான் பலரும் மின்சார சைக்கிள் பக்கம் திரும்பினார்கள். இந்த ராத்தாவும் பிறகு சீட்டுக் காசில் ஒன்று வாங்கினார். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மேடு பள்ளம் இல்லாத கரையோரப் பாதை. இந்த மண்ணுக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் வேறு இல்லை என்றுதான் நாங்களும் சொன்னோம்.

போன மாதம் ஒரு காலையில் சைக்கிள் நடுவழியில் நின்றுவிட்டது. பெட்டரி நிறைய இருக்கிறது. கைப்பிடியைத் திருப்பினால் பின்சில்லுக்குள் மோட்டார் சுற்றும் சத்தமும் கேட்கிறது. சில்லு மட்டும் நகரவில்லை. வாங்கிய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். உத்தரவாதக் காலம் முடிந்திருந்தது. "மோட்டார் போயிற்று, சில்லோடு முழுசாக மாற்ற வேண்டும்" என்றார்கள். சொன்ன விலை, சைக்கிள் வாங்கிய விலையில் பாதிக்கு மேல். உள்ளே என்ன பழுது என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. ராத்தா எங்களிடம் வந்து கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "சேர், காப்பை அடகு வைத்து மாற்றவா, அல்லது இரும்புக்குப் போடவா?"

உண்மையைச் சொல்கிறோம். அந்தத் திண்ணையில் இருந்த ஆசிரியர்களான எங்கள் மூவருக்கும் பதில் தெரியவில்லை. ஒருவர் இரும்புக்கே போடச் சொன்னார். பற்சில்லுப் பாடம் படிப்பிப்பவர்கள், இயந்திர விகிதம் பற்றிப் பரீட்சை வினா தயாரிப்பவர்கள் நாங்கள். ஒரு சைக்கிள் சில்லைத் திறந்து பார்க்கலாம் என்ற எண்ணம் எங்களுக்கு முதலில் வரவில்லை.

மூவரில் ஒருவருக்குத்தான் பிறகு ஒரு கேள்வி எழும்பியது. மோட்டார் செத்திருந்தால் சத்தம் எப்படி வரும்?

விசயம் அங்கேதான் இருந்தது. இந்த வகைச் சில்லின் நடுக்குடத்துக்குள் வேகமாகச் சுற்றும் ஒரு சின்ன மோட்டார் இருக்கிறது. 26 அங்குலச் சில்லு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 தடவை சுற்றும். உள்ளே இருக்கும் மோட்டாரோ அதைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்கு வேகத்தில் சுற்றும். அந்த வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவதற்கு நடுவில் மூன்று பற்சில்லுகள் உண்டு. அநேகமானவற்றில் அவை நைலோன். சத்தம் குறையட்டும் என்றுதான் நைலோன் போடுகிறார்கள். அதோடு, பாரம் மிஞ்சினால் விலை கூடிய மோட்டாருக்கு முன்னர் அதுதான் தேயும். ஆகவே அந்த மூன்றும் தேய்வது மோட்டாரின் மரணம் இல்லை. செருப்பின் அடி தேய்வது போன்ற ஒன்று.

எல்லா மின்சார சைக்கிளிலும் இது இல்லை. குடம் அகலமாகத் தட்டைப் பாத்திரம் போல இருந்தால் அநேகமாக அது பற்சில்லு இல்லாத நேரடி மோட்டார். சின்னக் குடமாக, சில்லைத் தூக்கி முன்பக்கம் சுற்றினால் இலேசாகவும் பின்பக்கம் சுற்றினால் இறுக்கமாகவும் இருந்தால் அது பற்சில்லு மோட்டார். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் சில்லு இழுக்காவிட்டால் பற்சில்லையோ அதோடு இருக்கும் கிளச்சையோ சந்தேகிக்க வேண்டும். சத்தமே இல்லை, அல்லது உதறி உதறி நிற்கிறது என்றால் வயர், சென்சர், கொன்ட்ரோலர் பக்கம் பார்க்க வேண்டும். இவ்வளவையும் வீட்டு முற்றத்திலேயே, ஒரு ஸ்பெனர் கூட எடுக்காமல் சோதிக்கலாம்.

சந்தியில் சைக்கிள் கடை வைத்திருக்கும் காக்காவிடம் கொண்டுபோனோம். மோட்டார் சில்லைத் திறந்த அனுபவம் தனக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் நாற்பது வருடமாகக் குடம், பியரிங், எக்ஸல் எல்லாம் கழற்றிப் பூட்டிய கை அது. முதலில் பெட்டரியைக் கழற்றி வைத்தோம். ஒவ்வொரு வொசரும் எந்தப் பக்கம், எந்த வரிசையில் இருந்தது என்று போனில் படம் பிடித்தோம். எக்ஸலின் நடுவால் வரும் வயர் முறுகாமல் சில்லைக் கழற்றி, மூடியின் ஆணிகளை எடுத்து உள்ளே பார்த்தால், ஒரு பற்சில்லில் பாதிப் பல் இல்லை. மற்ற இரண்டும் தேய்ந்து வழுவழு என்று இருந்தன. பழைய கிரீஸ் காய்ந்து, நைலோன் தூளோடு சேர்ந்து மாவாகிக் கிடந்தது. மோட்டாரின் செப்புக் கம்பிச் சுருள் நன்றாகவே இருந்தது.

ராத்தா அன்றுதான் முகம் தெளிந்து சிரித்தார். நாங்கள்தான் அடுத்த பிழையைச் செய்தோம்.

பல்லை எண்ணினோம், படத்தைப் பார்த்தோம், ஒன்லைனில் ஓடர் கொடுத்தோம். வந்த பற்சில்லில் பல்லின் எண்ணிக்கை சரி, தடிப்புச் சரியில்லை. காசும் இரண்டு கிழமையும் வீண். அந்த இரண்டு கிழமையும் ராத்தா இடியப்பத்தை ஆட்டோவில் அனுப்பினார். அந்தக் கூலியை நாங்கள் மூவரும் பகிர்ந்துகொண்டோம். அதைத் தர்மம் என்று எழுத முடியாது, எங்கள் அவசரத்துக்கான தண்டம் அது.

இரண்டாம் முறை பாடசாலை ஆய்வுகூட அலுமாரியில் இருந்த வேர்ணியர் இடுக்கிமானியை அதிபரின் அனுமதியோடு எடுத்துவந்தோம். வெளிவிட்டம், நடுத்துளையின் விட்டம், தடிப்பு, பல்லின் எண்ணிக்கை என்று நான்கையும் எழுதி அனுப்பிய பிறகு சரியான பொருள் வந்தது. காக்கா பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, கிளச் ஒரு பக்கம் மட்டும் வழுக்குகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்து, மோட்டார் முனையில் இருக்கும் உலோகப் பற்சில்லில் காயம் இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகு மூன்றையும் சேர்த்தே மாற்றினார். தேய்ந்ததோடு புதிதைக் கலந்தால் புதிதும் சீக்கிரம் போகும் என்றார். நைலோனுக்கு ஒத்துப்போகும் கிரீஸைப் பல்லுக்குப் படும் அளவுக்கு மட்டும் பூசினார். சில்லைத் தரையில் வைக்க முன்னர் தூக்கிப் பிடித்து ஓட்டிப் பார்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், ஓடியது.

வீணாய்ப்போன முதல் ஓடரையும் காக்காவின் கூலியையும் சேர்த்து, கடை சொன்ன தொகையில் எட்டில் ஒரு பங்கு கூட வரவில்லை.

இதில் எங்கள் கருத்து இதுதான். நமது ஊர்களில் பழுது என்றால் மாற்று என்ற பழக்கம் வேரூன்றிவிட்டது. அந்தப் பழக்கத்தின் விலையைக் காப்பு அடகு வைப்பவர்கள்தான் கட்டுகிறார்கள். வசதி உள்ளவர் சில்லை மாற்றிவிட்டுப் போவார், இல்லாதவர் வாகனத்தையே விட்டுவிடுவார்.

விற்கும் சகோதரர்களிடம் உரிமையோடு சொல்கிறோம். நீங்கள் இலாபம் எடுப்பதில் நமக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் தேயும் என்று தெரிந்த ஒரு பாகத்தைக் கடையில் வைக்காமல், திறந்தும் பார்க்காமல், "மோட்டார் போயிற்று" என்று சொல்வது அமானிதம் இல்லை. பொருளின் குறையை மறைக்கக் கூடாது என்று மார்க்கம் சொல்வது விற்கும் நாளுக்கு மட்டுமா? "எங்களுக்குத் தெரியாது, திறக்கத் தெரிந்தவரிடம் காட்டிப் பாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே.

வாங்குபவர்கள் காசு கொடுக்க முன்னர் மூன்று கேள்வி கேளுங்கள். உள்ளே பற்சில்லு மோட்டாரா, நேரடி மோட்டாரா? பற்சில்லும் கிளச்சும் தனியாகக் கிடைக்குமா? உத்தரவாதம் எதற்கு, எத்தனை மாதம் என்று பற்றுச்சீட்டில் எழுதித் தருவீர்களா? உத்தரவாதம் இருக்கும்போது நீங்களாகத் திறக்க வேண்டாம், விற்றவரிடமே கொண்டுபோங்கள். எழுதித் தந்ததை மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் வீட்டில் திறக்கலாம் என்று நாங்கள் சொல்லவில்லை. லித்தியம் பெட்டரிப் பெட்டியை யாரும் திறக்காதீர்கள். அது தீப்பிடிக்கும் பொருள், பயிற்சி உள்ளவருக்கு மட்டும் உரியது. எக்ஸல் நட்டைச் சரியாக இறுக்காவிட்டால், சுழலாமல் பிடிக்கும் வொசரை மாற்றிப் போட்டால், எக்ஸல் சுழன்று வயரை அறுத்துவிடும், சில்லும் கழன்று வரலாம். அதனால்தான் தெரிந்த கைக்குக் கூலி கொடுங்கள் என்கிறோம். சில்லு மாற்றக் கடை கேட்கும் விலைக்குப் பேரம் பேசாத நாம், அரை நாள் குனிந்திருந்து வேலை செய்த காக்காவிடம் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். பிறகு "ஊரில் திருத்துகிறவன் இல்லை" என்று குறைப்படுகிறோம்.

கடைசியாக எங்களுக்கே ஒரு வார்த்தை. அந்த வேர்ணியர் இடுக்கிமானி பல வருடமாக அலுமாரியில் பெட்டியோடு இருந்தது. செய்முறைப் பாடத்தன்று வெளியே வரும், மாலையில் உள்ளே போகும். அதனால் ஒரு குடும்பத்தின் காப்பைக் காப்பாற்றலாம் என்று ஒரு பிள்ளைக்கும் நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை. 13 வருடக் கல்வியில் தொழிற்பாடத் துறை இருக்கிறது, தொழில்நுட்பத் துறை இருக்கிறது. ஆனால் அந்தத் துறைக்குப் போகும் பிள்ளையை "படிப்பு வராததால் போனது" என்று ஆசிரியர் அறையிலேயே பேசுகிறோம். அந்தப் பேச்சை முதலில் நாங்கள் நிறுத்த வேண்டும்.

வரும் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை, காக்காவின் கடை முற்றத்தில் பழைய சில்லொன்றைத் திறந்து காட்ட எண்ணியிருக்கிறோம். காக்கா சம்மதித்துவிட்டார், அவருக்கான நாட்கூலியை நாங்கள் கொடுக்கிறோம். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வரலாம். உங்கள் வீட்டில் பழுதாய்ப்போன மோட்டார் சில்லு கிடந்தால் இரும்புக்குப் போடாமல் கொண்டுவாருங்கள். பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு சேர்க்ளிப் குறடும் நல்ல ஸ்பெனர் செட்டும் வாங்கி இரவல் கொடுக்க முன்வந்தால், அது ஊருக்கு நீண்ட நாள் பயன் தரும் ஸதகாவாக இருக்கும் என்பது எங்கள் அபிப்பிராயம்.

ராத்தாவின் இடியப்பம் இப்போது நேரத்துக்குக் கடைக்குப் போகிறது. தேய்ந்த அந்த மூன்று பற்சில்லுகளையும் வாங்கி வைத்திருக்கிறோம். அடுத்த தவணையில் பற்சில்லுப் பாடம் வரும்போது வகுப்புக்குக் கொண்டுபோவோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் அனுபவத்தையும் கீழே எழுதுங்கள். எங்கள் பிழை இருந்தால் திருத்துங்கள்.