மெலிந்தவன் நலமுடையவனா?

உடல் பருத்தவன் தீனிக்காரன், சோம்பேறி. மெலிந்தவன் கட்டுப்பாடுடையவன், நலமுடையவன். இத்தீர்ப்பை நம் சமூகம் நெடுங்காலத்துக்கு முன்னரே எழுதி முத்திரையிட்டு வைத்துவிட்டது. எதிர்த்தரப்பைக் கேளாது எவர்மீதும் தீர்ப்பளிக்கலாகாது என்பது சட்டம் பயில்வோன் முதல் நாளிற் கற்கும் பாடம். நம் உடலின் விடயத்தில் மாத்திரம் அப்பாடத்தை ஏன் மறந்தோம்? பருத்தவரைப் பழித்தது அநீதி. மெலிந்தவரை விசாரணையின்றி விடுதலை செய்தது அதனினும் பெருங் கேடாய் முடிந்திருக்கிறது. நம்மவருள் நீரிழிவினாலும் மாரடைப்பினாலும் வீழ்வோரிற் பலர் பருத்தவரே அல்லர்.

நீரிழிவுக் கிளினிக் நடைபெறும் நாளில், எந்த அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் விடியற்காலையிற் சென்று வரிசையைப் பார்ப்போர் இதனைத் தம் கண்ணாற் காணலாம். வரம்பிலே நடந்து கால் வைரம் பாய்ந்த கமக்காரர் நிற்பார். அவருக்குப் பக்கத்தில் ஒடுங்கிய தோளும் சிறு தொந்தியுமாக எழுதுவினைஞர் ஒருவர் நிற்பார். "எனக்கேன் இந்த வருத்தம், ஐயா? நான் என்ன அவ்வளவு மொத்தமா?" என்று வைத்தியரைக் கேட்பவர் ஒருவர் இருவரல்லர். கேள்வி நியாயமானது. அதற்கு மறுமொழியும் உண்டு.

2004 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ ஏட்டில் இரண்டு அறிஞர்கள் தம் படங்களை அருகருகே வெளியிட்டார்கள். ஒருவர் இந்தியாவின் புனே நகரத்தைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் யூட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் கணிக்கும் உடற்றிணிவுச் சுட்டி இருவருக்கும் 22.3. தராசின் முன் இருவரும் சமம். ஆனால், யூட்கினின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக்கின் உடலில் 21.2 பங்கு! ஒரே எடை, ஒரே சுட்டி. கொழுப்போ இரு மடங்குக்கு மேல். தராசு பொய்ச்சாட்சி சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை மாத்திரமே சொன்னது. அச்சாட்சியொன்றையே நம்பித் தீர்ப்பெழுதியவர்கள் நாம்.

அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழுவும், ஆசிய மக்களிடத்தில் அச்சுட்டி 25 ஆகும்வரை காத்திராது 23 இலேயே விழிப்புக் கொள்ளவேண்டுமென்று கூறிற்று. 165 சதமமீற்றர் உயரமுடைய ஒருவருக்கு இவ்விரண்டெல்லைகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஐந்து கிலோ. 63 கிலோவில் எச்சரிக்கப்படவேண்டியவர் 68 கிலோ வரை "ஒன்றுமில்லை, போய் வாரும்" என்று அனுப்பப்படுகிறார்.

உடலுக்குள் நடப்பதென்ன? நடுத்தர உடல்வாகுடைய ஒருவரின் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் ஓடுகின்ற குளுக்கோசு ஏறத்தாழ 4 கிராம். அதாவது ஒரு தேக்கரண்டி. நூறு கிராம் அரிசியில் உள்ள மாப்பொருளோ ஏறத்தாழ 80 கிராம். மத்தியானம் நாம் உண்ணும் ஒரு கோப்பைச் சோறு, இரத்தத்தில் உள்ளதைப்போல் இருபது மடங்கு குளுக்கோசைக் குடல் வழியே உள்ளே அனுப்புகிறது. அதனை உரிய இடங்களிற் சேர்க்கும் பொறுப்புச் சதையியிற் சுரக்கும் இன்சுலினுடையது. சேர்க்கும் களஞ்சியங்களுள் முதன்மையானவை தசையும் ஈரலும். ஈரல் கொள்ளுவது ஏறத்தாழ 100 கிராம்; தசைகள் எல்லாம் சேர்ந்து கொள்ளுவது ஏறத்தாழ 400 கிராம். தசை குறைந்தவனுக்குக் களஞ்சியமே சிறிது. செலவுக்கு மேல் உண்பது நாளடைவிற் கொழுப்பாகிறது. அக்கொழுப்புத் தோலின் கீழே தங்குமட்டும் பெருந்தீங்கில்லை. அங்கே இடம் போதாதபோது அது வயிற்றறைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் குடியேறுகிறது. குடியேறிய பின்னர், இன்சுலின் எத்துணை தட்டினும் களஞ்சியக் கதவு இலகுவில் திறவாது. சதையி மேலும் மேலும் சுரந்து, ஈற்றில் களைத்துவிடுகிறது. தென்னாசியருக்கு இக்குடியேற்றம் குறைந்த எடையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதே யாஜ்னிக்கின் படம் சொல்லும் செய்தி.

ஏன் நமக்கு மாத்திரம் இவ்வாறு? பரம்பரை ஒரு காரணம். ஆனால் வழக்கு அங்கே முடிவதில்லை; கருப்பை வரை செல்கிறது. புனேயை அண்டிய கிராமங்களிற் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ரன் நகரத்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. தசையும் உள்ளுறுப்புக்களும் குன்றியிருந்த புனேக் குழந்தைகளிடத்தில் கொழுப்பு மாத்திரம் அவ்வளவு குன்றவில்லை. தாயின் வயிற்றிலேயே பஞ்சத்துக்கு ஆயத்தமாகிய உடல், பிற்காலத்திற் பாணும் பணிசும் சீனித் தேநீரும் நிறைந்த உலகத்துக்குள் வந்து சேருகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் மேற்கு ஒல்லாந்து பட்டினி கிடந்தது. அப்பொழுது கருவில் இருந்தோரை ஏறத்தாழ ஐம்பதாண்டுகளின் பின் ஆராய்ந்தபோது, குளுக்கோசைக் கையாளும் ஆற்றல் அவர்களிடத்திற் குறைந்திருக்கக் கண்டனர்.

இதனைப் படிக்கும் தமிழன் எவனுக்கும் வேறு ஆண்டுகள் நினைவுக்கு வாராமற் போகா. 1990 முதற் பல ஆண்டுகள் வடக்கின்மீது நீடித்த பொருளாதாரத் தடையும், 2009 இல் முள்ளிவாய்க்காலிற் கஞ்சிக்கு வரிசையில் நின்ற கர்ப்பிணித் தாய்மாரும் நம் கண்முன் நிற்கின்றனர். அத்தாய்மாரின் பிள்ளைகளுக்கு இன்னதுதான் நேரும் என்று நாம் சாதிக்கவில்லை. நிரூபிக்கப்படாததை நிரூபிக்கப்பட்டதாகக் கூறுவது நம் தொழிலுக்கே இழுக்கு. ஆராயப்படவேண்டிய முகாந்திரம் இருக்கிறது என்கிறோம். 2022 இல் கொழும்பில் உணவு விலையேற்றம் ஓராண்டுக்குள் நூற்றுக்குத் தொண்ணூறைக் கடந்தபோது வயிற்றைச் சுருக்கிய தாய்மார் எல்லா இனத்தவரிலும் உண்டு. அவர்தம் பிள்ளைகளுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

இனிப் பட்டினி வைத்தியத்துக்கு வருவோம். கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கையிற் சோற்றை ஒழித்து, தேநீரும் பிஸ்கற்றுமாகக் காலந்தள்ளிப் பத்துக் கிலோ குறைப்போம் என்று புறப்படும் நண்பர்கள் நமக்கு உண்டு. 1944-45 இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பவர் செய்த பரிசோதனையை அன்னார் அறிதல் நன்று. போருக்குச் செல்ல மனச்சாட்சி இடந்தராத இளைஞர் 36 பேர் தாமாகவே முன்வந்து, 24 வாரங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். எடையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு கழிந்தது. அதனுடன் கழிந்தவை வேறு. நாடித்துடிப்புத் தாழ்ந்தது, கோடையிலும் குளிர்ந்தது, அடிப்படை அனுசேபம் நூற்றுக்கு நாற்பதளவு இறங்கிற்று, எந்நேரமும் உணவைப் பற்றியே சிந்தனை. உணவு திரும்பக் கிடைத்தபோது, தசை மீளுமுன் கொழுப்பு மீண்டது. வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல உடலும் சுருக்குகிறது. வருமானம் திரும்பினாலோ முதலில் வைப்புப் பெட்டியை நிரப்புகிறது. இதனை மன உறுதிக் குறைவென்று ஏசுவோர் உடலின் சட்டத்தை வாசியாதோர். கொழுப்பிழையமே லெப்ரின் என்னும் சுரப்பை அனுப்பித் தன் இருப்பை மூளைக்கு அறிவிக்கிறது என்பது 1994 இல் வெளிப்பட்டது. இருப்புக் குறைந்தாற் பசியைக் கிளப்பும் ஆணை உள்ளிருந்தே பிறக்கிறது.

ஆயினும், இவ்வாதத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பழியையும் அனுசேபத்தின் தலையிற் சுமத்த விழையும் நம் சகோதர உத்தியோகத்தருக்கு ஒரு செய்தி. "நாற்பது தாண்டிவிட்டது, உடம்பு முன்போல் எரிப்பதில்லை" என்பது கந்தோர்களிலும் சட்டத்தரணிகளின் அறைகளிலும் நித்தம் ஒலிக்கும் எதிர்வாதம். 2021 இல் வெளியான ஆராய்ச்சியொன்று, பிறந்து எட்டு நாளான குழந்தை முதல் 95 வயதினர் வரை 6,400 பேருக்கு மேற்பட்டோரின் சத்திச் செலவை அளந்து, உடற்பருமனைக் கணக்கிற் கொண்டபின் இருபதுக்கும் அறுபதுக்கும் இடையில் அச்செலவு மாறுவதில்லை என்று கண்டது. நாற்பதில் மாறுவது வேறு: நாற்காலி மெத்தையாகிறது, மாலைச் சிற்றுண்டி நிரந்தரமாகிறது, நித்திரை குறைகிறது. நீதிமன்றப் படிக்கட்டே ஒரு நாளின் முழு உடற்பயிற்சியாயிருப்போரை நாம் அறிவோம். இவ்வெதிர்வாதம் தள்ளுபடி செய்யப்படவேண்டியதே.

கமக்காரரின் வழக்கோ வேறு. துலா மிதித்து நீரிறைத்தவரின் பேரன் இன்று மெசினைத் திருப்பிவிட்டு வேலிநிழலில் நிற்கிறான். மண்வெட்டியின் வேலையை உழவு இயந்திரம் செய்கிறது. இதனை நாம் குறை கூறவில்லை. முதுகொடிந்த உழைப்பைப் போற்றிப் பாடுவோர் பெரும்பாலும் அதனைச் செய்யாதோர். ஆனால், துலா மிதித்தவனுக்கு அளந்த சோறு இன்னும் அதே அளவிற் கோப்பையிற் குவிகிறது. வேலை செய்யும் தசை, இன்சுலினை எதிர்பாராமலே குளுக்கோசை உள்வாங்கவல்லது. அவ்வாயில் அடைபட்டுவிட்டது, சோறு குறையவில்லை.

சோறும் அதே சோறன்று. உரலிற் குற்றிய சிவப்பரிசியில் தவிடு ஒட்டிநின்றது. மில்லில் வெள்ளையாகத் தீட்டும்போது நாரும் விற்றமினும் தவிட்டோடு போகின்றன. 1890 களில் யாவாவிலே கிறிஸ்தியான் எய்க்மான் என்ற ஒல்லாந்த வைத்தியர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தவிட்டரிசியில் அவை தேறுவதையும் கண்டார். அவருக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. நெல்லைப் புழுக்கிக் காய்ச்சும் நம் வழக்கம் அவ்விற்றமினிற் பெரும்பகுதியை மணிக்குள் தேக்கிவைக்கிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஆனால், குரக்கன் என்றவுடன் அமுதமென்று கருதி, நைய அரைத்த மாவிற் சீனி போட்டுக் கூழ் காய்ச்சிக் குடிப்பதாற் பயனில்லை. பனங்கட்டி நம்முடையது என்பதற்காக இரத்தம் அதற்குச் சலுகை காட்டுவதுமில்லை. முருங்கையிலை, பயறு, கௌபி, மீன் இவற்றுக்குக் கோப்பையிற் பாதி இடம் விட்டாற் சோறு தானாகவே குறையும்.

அரிசி விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கியதால் 1953 இல் நாடே ஹர்த்தாலில் எழுந்து, பிரதம மந்திரி டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். அதன் பின்னர் எந்த அரசாங்கமும் அரிசியைத் தொட அஞ்சிற்று. கோதுமையோ எவ்வித ஆரவாரமுமின்றி நுழைந்தது, கப்பலில் வந்தது, 1980 இற் சீனன்குடாவிற் பெரிய மாவாலை எழுந்தது. இந்நாட்டில் வர்த்தகப் பயிராக விளையாத ஒரு தானியம் காலைக்கும் இரவுக்கும் நம் உணவாயிற்று. சந்திக்குச் சந்தி பாணும் பணிசும் கிடைக்கின்றன. அவிச்ச பயறு கிடைக்கும் கடையை வாசகர் தேடிப் பார்க்கட்டும். அவனவன் வாயை அவனவன் கட்டவேண்டும் என்போர், அவனுக்கு முன்னே விரிக்கப்பட்டுள்ள கடையையும் கணக்கிற் கொள்ளவேண்டாவா?

அரசாங்கத்தால் இயலாது என்பதும் பொருந்தாது. 2016 இல் இனிப்புப் பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை நிற அடையாளங்கள் கட்டாயமாக்கப்பட்டன. 2017 நவம்பரிற் சீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் 50 சதம் என வரி வந்தது. நல்ல சட்டம், சிறிது காலத்துள்ளேயே வரி குறைக்கப்பட்டது. அரிசி விலைக்கு எழுந்த குரல் இதற்கு எழவில்லை. சோடா விலை குறைந்ததென்று மகிழ்ந்தோரே மிகுதி.

உடல் மீளாதோ என்று அஞ்சுவோருக்கு, அதிக தூரம் போகவேண்டியதில்லை; சென்னையே சாட்சி. அங்கே வைத்தியர் ராமச்சந்திரனும் தோழரும், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விடப்பட்டோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவாளராயினர். நடையும் உணவொழுங்கும் மேற்கொண்டோரில் 39 பேரே அவ்வாறாயினர். இதில் நம்மைக் கவர்ந்தது, பின்னவரின் எடை குறிப்பிடத்தக்கவாறு குறையவேயில்லை என்பதுதான். தராசில் ஒன்றும் காணோம் என்று நடையை நிறுத்திவிடும் அன்பர்கள் இதனை எழுதி வைத்துக்கொள்வார்களாக.

நாம் கேட்பவை சில. வைத்தியசாலைகளிலே எடைத் தராசின் அருகில் ஓர் அளவுநாடா தொங்கவேண்டும். ஆணுக்கு 90 சதமமீற்றரும் பெண்ணுக்கு 80 சதமமீற்றரும் இடுப்பின் எல்லை. கமக்காரர் அறுவடை நாளைப் பாழாக்காது வந்துபோகக்கூடிய மாலைக் கிளினிக் வேண்டும். பிரதேச சபைகள் தம் சந்தைக் கட்டடங்களைக் குத்தகைக்கு விடும்போது, பயறும் இலைக்கறியும் குரக்கன் பிட்டும் விற்போருக்கு ஓர் இடத்தை ஒதுக்கவேண்டும். இதற்குப் பாராளுமன்றம் வரை போகவேண்டியதில்லை. குடும்பநல மருத்துவிச்சிமார் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு எடையையும் பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறார்கள். வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளுக்குரிய பதிவேடுகளிற் பல போரோடு அழிந்தன. எஞ்சியவற்றை மாகாண சுகாதாரத் திணைக்களம் திரட்டவேண்டும். அப்பிள்ளைகள் இன்று பதினைந்து வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுட் பெரும்பாலோர் பாடசாலையில் இருக்கும்போதே, இரத்தத்திற் சீனியை ஆண்டுக்கொருமுறை சோதிக்கும் ஏற்பாட்டைத் தொடங்கவேண்டும்.