சாடோ தங்கச் சுரங்கம்: வரலாறு எந்த ஆண்டோடு முடிகிறது?

யப்பானின் மேற்குக் கரையில் உள்ள நீகாட்டா துறைமுகத்திலிருந்து கப்பலில் இரண்டரை மணி நேரம் பயணித்தால் சாடோ தீவு வரும். பரப்பளவு 855 சதுர கிலோமீற்றர். யாழ்ப்பாண மாவட்டத்தைவிடச் சற்றுச் சிறியது. 1950இல் ஏறத்தாழ 125,000 பேர் வாழ்ந்த இந்தத் தீவில் இன்று ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. 2024 ஜூலை 27ஆம் திகதி டில்லியில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, இத்தீவின் தங்கச் சுரங்கங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த முடிவுக்குப் பின்னால் ஒரு பழைய காயமும் அதைப் பற்றிய ஒரு பேரமும் இருந்தன. அவற்றின் தடங்களைப் பார்க்கவே 2025 இலையுதிர் காலத்தில் அங்கு போனேன்.

கப்பல் ரியோட்சு துறைமுகத்தில் நிற்கும். சுரங்க நகரமான அய்காவா தீவின் மறுகரையில் இருக்கிறது. பஸ் தீவின் நடுச் சமவெளியைக் குறுக்காகக் கடந்து போகிறது. அறுவடை முடிந்த வயல்களில் இளஞ்சிவப்பு இறகு கொண்ட தோக்கி பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. யப்பானில் பிறந்த கடைசித் தோக்கி 2003இல் இந்தத் தீவில்தான் இறந்தது. சீனாவிலிருந்து வந்த பறவைகளைக் கொண்டு இனம் பெருக்கி 2008 முதல் வெளியே விட்டார்கள். அவை உயிர் பிழைப்பதற்காக இங்குள்ள விவசாயிகள் வயலுக்குப் போடும் மருந்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஒரு பறவைக்காக ஒரு சமூகம் தன் விவசாய முறையையே மாற்றியிருக்கிறது. சாடோ மக்களை நினைவு அற்றவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அய்காவாவில் கண்டது எனக்குக் கூடுதல் கேள்விகளைத் தந்தது.

வெறிச்சோடிய நகரம்

17ஆம் நூற்றாண்டில் அய்காவாவில் ஐம்பதாயிரம் பேர்வரை வாழ்ந்ததாகச் சொல்கிறார்கள். மலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் கியோமாச்சி தெருவில் நான் நடந்தபோது அரைவாசி வீடுகளுக்கு மேல் பூட்டிக் கிடந்தன. வாசல்களில் பாசி படர்ந்திருந்தது. ஒரு வீட்டு முற்றத்தில் காய்கறி நட்டுக்கொண்டிருந்த மூதாட்டி, தன் பிள்ளைகள் மூவரும் டோக்கியோவில் என்றார். எங்கள் ஊர்களிலும் இதே பதிலைக் கேட்கலாம், டோக்கியோ இருக்கும் இடத்தில் மட்டும் வேறு நகரத்தின் பெயர் வரும்.

1601இல் இங்கு பெரும் தங்கப் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. டொக்குகாவா ஆட்சி சுரங்கத்தைத் தன் நேரடிக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தது. 1869இல் மெய்ஜி அரசும் 1896இல் மிட்சுபிஷி நிறுவனமும் எடுத்துக்கொண்டன. 1989இல் மூடப்படும்வரை 78 தொன் தங்கமும் 2,330 தொன் வெள்ளியும் வெளியே வந்தன. தோண்டிய சுரங்கப் பாதைகளின் நீளம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர்.

சுரங்கம் போன பின்னர் நகரத்துக்கு மிஞ்சியது சுற்றுலா. ஆகவே, உலகப் பாரம்பரியப் பட்டம் இந்த மக்களுக்கு வெறும் பெருமை அல்ல. கடை திறந்திருப்பதும் பஸ் ஓடுவதும் அதில் தங்கியிருக்கின்றன. இதை மறந்துவிட்டு இந்த விவகாரத்தைப் பேசினால் நியாயமாக இராது.

இரண்டு காலங்கள், இரண்டு நினைவுகள்

சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருக்கும் பழைய சுரங்கப் பாதையில் இயந்திர பொம்மைகள் வேலை செய்கின்றன. ஒன்று பாறையைக் கொத்துகிறது, ஒன்று தண்ணீர் இறைக்கிறது. வெளியே போய்க் குடிக்க வேண்டும், பழகிய பெண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒரு பொம்மை புலம்புகிறது. வந்தவர்கள் சிரிக்கிறார்கள்.

அந்தத் தண்ணீர் இறைத்தவர்களின் கதை சிரிப்புக்குரியது அல்ல. ஊர்ப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கி நகரங்களில் அலைந்தவர்களை எடோ ஆட்சி பிடித்து, 1778 முதல் இந்தத் தீவுக்கு அனுப்பியது. அவ்வாறு வந்தவர்கள் 1,800 பேருக்கு மேல். அவர்களுக்குக் கிடைத்தது ஆழத்தில் ஊறும் நீரை இரவு பகலாக இறைக்கும் வேலை. மலைச்சரிவில் 1853இல் எழுப்பிய கல்லறையொன்று இருக்கிறது. இறந்த 28 பேரின் சமயப் பெயர், வயது, பிறந்த இடம் எல்லாம் அதில் செதுக்கப்பட்டுள்ளன. ஊர் மக்கள் இன்றும் ஆண்டுதோறும் அங்கு வழிபாடு செய்கிறார்கள்.

அடுத்த கதை 1939இல் தொடங்குகிறது. கொரியா அப்போது யப்பானின் காலனி. போருக்கு வெளிநாட்டுப் பொருட்கள் வாங்கத் தங்கம் தேவைப்பட்டது. யப்பானிய ஆண்கள் போர்முனைக்குப் போக, சுரங்கத்துக்குக் கொரியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். போர் முடியும்வரை இங்கு வேலை செய்த கொரியர்கள் ஏறத்தாழ 1,500 பேர். சுரங்க நிர்வாகமே 1943இல் எழுதிய அறிக்கை அவர்களின் நிலையைச் சொல்கிறது. பாறை துளையிடும் வேலையில் கொரியர்கள் 123 பேர், யப்பானியர்கள் 27 பேர். அதுவரை கொண்டுவரப்பட்ட ஆயிரம் பேரளவில் 148 பேர் தப்பி ஓடியிருந்தார்கள். சுற்றிலும் கடல் உள்ள தீவிலிருந்து 148 பேர் தப்பி ஓடினார்கள் என்றால், அவர்கள் விரும்பி வந்தார்களா என்ற கேள்விக்கு வேறு விடை தேவையில்லை. போர் முடிந்த பின்னர் 1,140 கொரியர்களுக்குக் கொடுக்காத கூலி 1949இல் அரச வைப்பில் போடப்பட்டது. அது உரியவர்களின் கைக்குப் போகவில்லை.

வெட்டி எடுக்கப்பட்ட ஆண்டுகள்

யுனெஸ்கோவுக்கு விண்ணப்பித்தபோது யப்பான் ஒரு கால எல்லையைப் போட்டது. எடோ ஆட்சியின் முடிவுவரை, அதாவது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, கைத்தொழிலாக நடந்த தங்க உற்பத்தியே பாரம்பரியம் என்றது. 1910 முதல் 1945 வரையான காலனிக் காலம் இந்த எல்லைக்குள் வராது.

இந்த எல்லையின் விளைவை நகரத்துக்குள்ளேயே காணலாம். அய்காவாவில் அதிகம் படம் பிடிக்கப்படும் இடம் கிட்டசாவா. கொடி படர்ந்த பெரும் கொங்கிறீற் படிக்கட்டுகளாக எழும் அந்த இடிபாடு, 1930களின் பிற்பகுதியில் போர்த் தேவைக்காக விரிவாக்கப்பட்ட தாதுப் பிரிப்பு ஆலை. யுனெஸ்கோவின் ஆலோசனை அமைப்பான இகோமோஸ், எடோ காலத்துக்குப் பிந்திய தடயங்களே மேலோங்கிய இப்பகுதியை எல்லைக்கு வெளியே விடச் சொன்னது. யப்பான் ஏற்றுக்கொண்டது. இரவில் வண்ண விளக்குப் போட்டு ஆட்களை அழைக்கும் இடிபாடு பாரம்பரியத்தில் இல்லை. அது இயங்கிய ஆண்டுகளும் இல்லை.

அதே இகோமோஸ் இன்னொன்றும் சொன்னது: சுரங்கம் இயங்கிய முழுக் காலத்தின் வரலாற்றையும் அங்கு வருவோருக்குச் சொல்ல வேண்டும். தென்கொரியாவின் சம்மதம் இந்த இடத்தில்தான் பேரப்பொருளானது. கொரியத் தொழிலாளர் பற்றிய காட்சியொன்றைத் திறப்பதாகவும் ஆண்டுதோறும் நினைவு நிகழ்வு நடத்துவதாகவும் யப்பான் உறுதியளித்தது. சியோல் சம்மதித்தது.

காட்சி சுரங்கத்தில் இல்லை. சுமார் இரண்டு கிலோமீற்றர் தள்ளி, அய்காவா உள்ளூர் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் ஓரறையில் இருக்கிறது. நான் அங்கிருந்த முக்கால் மணி நேரத்தில் இன்னும் இருவர் வந்து போனார்கள். கொரியர்கள் ஆபத்தான வேலைகளில் கூடுதலாக அமர்த்தப்பட்டதையும், அவர்களின் கடும் உழைப்பையும் பலகைகள் சொல்கின்றன. எண்களும் இருக்கின்றன. 'கட்டாய உழைப்பு' என்ற சொல் இல்லை.

அந்தச் சொல் தவறி விடுபட்டது அல்ல. போர்க்காலத்தில் சட்டப்படி ஆட்சேர்ப்பு நடந்தது, அது கட்டாய உழைப்பு ஆகாது என்று 2021 ஏப்ரலில் யப்பானிய அமைச்சரவை நிலைப்பாடு எடுத்தது. இழப்பீட்டு விவகாரம் 1965 உடன்படிக்கையோடு தீர்ந்துவிட்டது என்பதும் அதன் வாதம். ஆனால் 1988இல் நீகாட்டா மாகாணமே வெளியிட்ட வரலாற்று நூல், ஆட்சேர்ப்பு என்றாலும் அரச ஏற்பாடு என்றாலும் கட்டாய அழைப்பு என்றாலும், பெயர்தான் மாறியது, கொரியரை வலிந்து கொண்டுவந்தது எல்லாவற்றிலும் ஒன்றே என்று எழுதியிருந்தது. மாகாணம் 1988இல் எழுதியதை மத்திய அரசு 2021இல் எழுத மறுத்தது.

கொடுத்த பிறகு கேட்பது

2024 நவம்பர் 24ஆம் திகதி முதலாவது நினைவு நிகழ்வு நடந்தது. முதல் நாளே தென்கொரியா விலகிக்கொண்டது. வரவிருந்த யப்பானியப் பிரதிநிதி யசுகுனி ஆலயத்துக்குப் போனவர் என்ற செய்தி கொரியாவில் கொதிப்பைக் கிளப்பியிருந்தது. அந்தச் செய்தி தவறு என்று அதை வெளியிட்ட நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது. ஆனால் பிணக்கு அந்தச் செய்தியோடு முடியவில்லை. உரையில் கடும் உழைப்பு இருந்தது, வலிந்து கொண்டுவந்தது இல்லை. கொரியக் குடும்பங்களுக்காகப் போட்ட கதிரைகள் காலியாக இருந்தன. மறுநாள் ஒன்பது உறவினர்கள், கொரியத் தொழிலாளர் தங்கியிருந்த நான்காவது விடுதி நின்ற வெறும் நிலத்தில் தனியாக அஞ்சலி செலுத்தினார்கள். 2025இலும் இதே சொல்லில் இணக்கம் ஏற்படவில்லை. மறுபடியும் இரண்டு நிகழ்வுகள் தனித்தனியே நடந்தன.

அந்த நிலத்தில் நானும் நின்றேன். புல்லும் ஓர் அறிவிப்புப் பலகையும் தவிர அங்கு எதுவும் இல்லை.

இதற்கு முன்னோடி நாகசாக்கிக்கு அப்பாலுள்ள ஹஷிமா நிலக்கரித் தீவு. 2015இல் அது பட்டியலில் சேர்ந்தபோது, கொரியர் பலர் தம் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்பட்டு வேலைக்கு வலிந்து ஈடுபடுத்தப்பட்டதை யப்பானியப் பிரதிநிதி சபையிலேயே ஒப்புக்கொண்டார். தகவல் நிலையம் அமைப்பதாகவும் சொன்னார். 2020இல் நிலையம் திறந்தது, தீவிலிருந்து வெகு தொலைவில் டோக்கியோவில். சொன்னபடி செய்யவில்லை என்று 2021இல் யுனெஸ்கோ குழு கடும் வருத்தம் தெரிவித்தது. 2025 ஜூலையில் இதை மீண்டும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கத் தென்கொரியா முயன்றபோது வாக்கெடுப்பில் தோற்றது: எதிராக 7, ஆதரவாக 3.

இதிலிருந்து நான் காண்பது இதுதான். பட்டியலில் சேரும்வரை யப்பானுக்குச் சியோலின் சம்மதம் தேவைப்பட்டது. சேர்ந்த அன்றே அந்தத் தேவை தீர்ந்தது. நிகழ்வில் யார் பேசுவது, என்ன சொல்லால் பேசுவது என்பதை எழுத்தில் முடிக்காமல் சம்மதம் கொடுத்ததால், பிறகு கேட்பதற்குச் சியோலிடம் ஒன்றும் இருக்கவில்லை. பாதிக்கப்பட்டவர்களின் பெயரால் பேரம் பேசுகிற எந்தத் தரப்பும் கவனிக்க வேண்டிய இடம் இது. காட்சியறை கிடைத்தது, நாள் கிடைத்தது, சொல் கிடைக்கவில்லை. குடும்பங்கள் கேட்டது அந்தச் சொல்லைத்தான்.

ஏடுகளை வைத்திருந்தவர்கள்

அரசுகள் செய்யாததைச் சில சாதாரண மனிதர்கள் செய்திருக்கிறார்கள். அய்காவாவின் புகையிலைக் கடையொன்று, கொரிய விடுதிகளுக்கான புகையிலைப் பங்கீட்டு ஏட்டை எறியாமல் வைத்திருந்தது. யார் எந்த விடுதியில் இருந்தார், யார் போனார் என்று பெயர்களோடு அதில் பதிவாகியிருந்தது. 1990களில் தீவின் பௌத்த துறவி ஒருவரும் ஊரவர் சிலரும் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு கொரியாவுக்குப் போய், உயிரோடிருந்தவர்களையும் குடும்பங்களையும் தேடினார்கள். சிலரைத் தீவுக்கு அழைத்தும் வந்தார்கள். நீகாட்டா மாகாண ஆவணக் காப்பகத்தில் இன்னொரு பெயர்ப் பட்டியல் நுண்படச் சுருளாக இருக்கிறது. கொரியத் தரப்புக் கேட்டும் அது திறக்கப்படவில்லை. கடைக்காரரின் ஏடு திறந்திருக்கிறது, அரசாங்கத்தின் ஏடு பூட்டியிருக்கிறது.

யமகுச்சி மாகாணத்தின் உபே நகருக்கு அருகே, கடலடியில் ஓடிய சோசேய் நிலக்கரிச் சுரங்கத்திலும் இப்படித்தான். 1942 பெப்ரவரி 3ஆம் திகதி கடல்நீர் புகுந்து 183 பேர் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் கொரியர்கள். உடல்களை யாரும் எடுக்கவில்லை. 1991இல் உள்ளூர் மக்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். பெயர்களைத் திரட்டினார்கள், நிதி சேர்த்தார்கள், 2024இல் மண்ணுக்குள் மறைந்துபோன சுரங்க வாயிலைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். 2025 ஓகஸ்டில் அவர்கள் அழைத்துவந்த சுழியோடிகள் மனித எலும்புகளையும் ஒரு மண்டையோட்டையும் வெளியே எடுத்தார்கள். அதே நாட்களில் செம்மணியிலும் அகழ்வு நடந்துகொண்டிருந்தது. எலும்பு கைக்கு வந்த பிறகுதான் யப்பானிய அரசுக்கு மரபணுச் சோதனை பற்றிப் பேச வேண்டி வந்தது. 83 ஆண்டுகள் கழித்தும் எலும்புக்கு உரியவரைத் தேட முடிகிறதென்றால், அதற்குக் காரணம் யாரோ ஒருவர் பெயர்களை எழுதி வைத்ததுதான்.

சாடோவில் ஊர்ப் பதிவேட்டில் இல்லாதவர்களின் பெயர்கள் 1853இல் கல்லில் ஏறின. 1939க்குப் பிறகு வந்தவர்களின் பெயர்கள் இன்னும் கடை ஏட்டில்தான் இருக்கின்றன. அவற்றையும் கல்லில் ஏற்றுவதால் அந்தத் தீவின் சுற்றுலா குறைந்துவிடாது. அருங்காட்சியகத்தின் மேல்மாடியிலிருந்து அந்தப் பலகைகளை இறக்கி, பொம்மைகள் நிற்கும் சுரங்க வாசலிலேயே வைப்பதற்கும் பெரும் செலவு இல்லை. நான் பேசிய சாடோவாசிகள் சிலர் இதைத்தான் விரும்புகிறார்கள். தடுப்பது டோக்கியோவில் எடுத்த ஒரு நிலைப்பாடு. நிலைப்பாடு மாறும்வரை ஒவ்வோர் ஆண்டும் அந்தத் தீவில் இரண்டு அஞ்சலிகள் நடக்கும். வரும் உறவினர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறையும்.