காணியும் கட்சியும்: மிதவாதிகளிடம் நாம் எதைக் கேட்பது?

மடுல்கெல்லைக்கு மேலேயுள்ள லயங்களிலும், பன்வில, ஹுலுகங்கைப் பக்கத்துச் சிறு காணிகளிலும் வாழ்ந்து, இன்று இருப்பிடம் இழந்து நிற்கும் குடும்பங்களோடு பேசும்போதெல்லாம் ஒரு கேள்வி நம்முன் வைக்கப்படுகிறது. "ஆட்சிக்கு வந்திருப்பது ஏழைகளின் கட்சி என்கிறார்கள். ஆனால் நம் ஊருக்கு வரும் அதன் ஆட்கள் மெதுவாகப் பார்ப்போம் என்றுதானே சொல்கிறார்கள்?" இக்கேள்வி புதியதல்ல. நமது பெற்றோரும் அவர்தம் பெற்றோரும் கேட்ட கேள்வியே இது. எனவே இதற்கு அவசரப்பட்டு ஒரு பதிலைச் சொல்லாமல், நடந்தவற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது நன்று.

மெதுவாகப் பார்ப்போம் என்று சொல்பவர் யார்? பெரும்பாலும் அவர் கிராமத்து மனிதர். பாடசாலை ஆசிரியராகவோ, கூட்டுறவுச் சங்கத் தலைவராகவோ, கொஞ்சம் வயற்காணி உள்ளவராகவோ இருப்பார். இடதுசாரிக் கட்சியில் இருந்தாலும் புரட்சி பேசுபவர் அல்லர். கல்யாண வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் தவறாமல் வருபவர். நகரத்தில் எழுதப்படும் கொள்கை கிராமத்துக்கு வந்து சேருவது இவர் மூலமாகத்தான். கிராமத்தின் தயக்கம் நகரத்துக்குப் போய்ச் சேருவதும் இவர் மூலமாகத்தான். இவரை நாம் மிதவாதி என்கிறோம்.

1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சியைப் பிடித்தபோது பிக்கு, நாட்டு வைத்தியர், ஆசிரியர், விவசாயி, தொழிலாளி எனும் ஐம்பெரும் சக்திகளின் வெற்றி அது எனப் போற்றப்பட்டது. அந்த அரசில் விவசாய, உணவு அமைச்சராயிருந்த பிலிப் குணவர்தன பழுத்த இடதுசாரி. அவர் கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், வாரத்துக்கு உழுபவனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றது. அவனது உரிமை பிள்ளைக்கும் செல்லும் என்றது. விளைச்சலில் பாதியைக் கொடுத்து வந்தவன் இனி ஏறத்தாழ காற்பங்குக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்றது. இவற்றைக் கவனிக்க விவசாயிகளே தெரிவு செய்யும் பயிர்ச்செய்கைக் குழுக்களையும் அமைத்தது.

இச்சட்டத்தை எதிர்க்கட்சி மட்டும் எதிர்க்கவில்லை. அதே அமைச்சரவையில் இருந்த கிராமத்து மிதவாதிகளும் எதிர்த்தார்கள். அவர்களின் ஆதரவாளரில் பலர் வயற்சொந்தக்காரர். ஆகவே சட்டம் பாராளுமன்றத்துக்கு வருமுன்னரே அதன் கூர் மழுங்கிற்று. மாவட்டம் மாவட்டமாகப் படிப்படியாகவே நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளியில் ஆயிரக்கணக்கான வாரக்குடிகள் வயலிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1959 மே மாதம் பத்து அமைச்சர்கள் பிலிப்புடன் ஒரே மேசையில் அமர மறுத்தனர். அவர் அரசிலிருந்து வெளியேறினார்.

இந்த மிதவாதிகளுள் முக்கியமானவர் காணி அமைச்சர் சி. பி. டி சில்வா. அவரை வெறும் தடைக்கல்லாகக் காட்டுவது நியாயமாகாது. பொலன்னறுவைப் பகுதியின் குடியேற்றவாசிகள் அவரைத் தெய்வத்துக்கு ஒப்பாக மதித்தார்கள். குளத்தைத் திருத்தி, வாய்க்காலை வெட்டி, காணியற்றவனுக்குக் காணி கொடுத்தவர் அவர். ஆனால் அது காட்டை வெட்டிக் கொடுத்த காணி. ஏற்கெனவே ஒருவன் கையிலிருக்கும் காணியில் உழுபவனுக்கு உரிமை கொடுப்பது வேறு காரியம். முதலாவதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. இரண்டாவதில் பக்கத்து வீட்டுக்காரனின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மிதவாதியின் எல்லை இங்கேதான் தெரிகிறது. 1964 இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்க சமசமாஜக் கட்சியைக் கூட்டுச் சேர்த்தபோது, அந்த ஆண்டு டிசம்பரில் அவரும் பதின்மூன்று உறுப்பினரும் எதிர்ப்பக்கம் சென்றனர். ஒரே ஒரு வாக்கினால் அரசு தோற்றது.

இதிலிருந்து சிலர் ஒரு முடிவுக்கு வருவார்கள். மிதவாதிகள் இல்லாதிருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்பதே அது. நாம் அப்படி எண்ணவில்லை. ஏனெனில் 1956 இல் கிராமத்து வாக்குகளைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. அவர்களின்றிப் பிலிப்புக்கு அமைச்சுமில்லை, சட்டமுமில்லை.

இனி நமக்கு மிகவும் நெருங்கிய கதைக்கு வருவோம். 1970 இல் மீண்டும் இடதுசாரிக் கூட்டரசு அமைந்தது. விவசாய, காணி அமைச்சரானவர் நமது கண்டி மாவட்டத்து யட்டிநுவரத் தொகுதியின் உறுப்பினர் ஹெக்டர் கொப்பேகடுவ. 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம், தனியொருவர் 50 ஏக்கருக்கு மேலும், வயலாயின் 25 ஏக்கருக்கு மேலும் வைத்திருக்கலாகாது என்றது. 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. இரண்டு கட்டத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் ஏக்கர் அரசின் கைக்கு வந்தது. இலங்கையில் அதற்கு முன்னும் பின்னும் இவ்வளவு பெரிய காணி மாற்றம் நடந்ததில்லை.

கண்டிக் கிராமத்து மக்களுக்கு இதில் நியாயம் இருந்தது. 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின் அவர்களைச் சுற்றியிருந்த காடும் சேனையும் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் போயின. அவர்களின் காணிப்பசியை 1951 இல் கண்டி விவசாயிகள் ஆணைக்குழுவும் எடுத்துச் சொல்லியிருந்தது. ஆனால் அந்தத் தேயிலையை நட்டுக் கொழுந்து பறித்தவர்களும் காணியற்றவர்களே. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களின் வாக்கைப் பறித்திருந்தது. 1964 இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டிருந்தது. வாக்கில்லாதவனுக்காக எந்தக் கிராமத்து அரசியல்வாதி வாய் திறப்பான்? காணி பங்கிடப்பட்டபோது, கண்டிப் பகுதியின் பல தோட்டங்களில் நம்மவர் வெளியே தள்ளப்பட்டனர். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் பட்டினி யாவரும் அறிந்ததே. கண்டித் தெருக்களில் கையேந்தினோம். வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மூட்டை கட்டினோம். 1977 மே மாதம் தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்துத் திரண்டபோது டெவன் தோட்டத்துத் தொழிலாளி சிவனு இலட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்.

ஆயினும் அதே கொப்பேகடுவவை யாழ்ப்பாணத்து விவசாயி எவ்வாறு நினைத்தான்? வெங்காயமும் மிளகாயும் வெளிநாட்டிலிருந்து வருவதை அவ்வரசு கட்டுப்படுத்தியதால் அவன் கையில் நாலு காசு சேர்ந்தது. 1982 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் கொப்பேகடுவவுக்கு ஜே. ஆர். ஜயவர்த்தனவைவிட அதிக வாக்குகள் கிடைத்தன. ஒரே அமைச்சர், ஒரே கட்சி. வடக்கின் தமிழ் விவசாயிக்கு நன்மை, மலையகத்துத் தமிழ்த் தொழிலாளிக்குப் பேரிழப்பு. ஆகவே இது இனவெறுப்பு மட்டுமன்று. கணக்கில் வருபவன் யார், வராதவன் யார் என்பதே இதன் அடிப்படை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. 1958 இல் பயிர்ச்செய்கைக் குழுவை விவசாயி தெரிவு செய்தான். 1970களில் அக்குழுக்களின் உறுப்பினர் மேலிருந்து நியமிக்கப்படும் நிலை வந்தது. காணிக்கும் வேலைக்கும் எம்.பி.யின் துண்டு வேண்டும் என்றாயிற்று. துண்டு கொடுப்பவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் துண்டு வாங்குபவன் உரிமையுள்ளவனாக நடப்பதில்லை, கையேந்துபவனாகவே நடக்கிறான்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்கு மேற்கு வங்காளம் உதாரணம். 1977 இல் அங்கு இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. 1978 இல் ஊராட்சித் தேர்தலை நடத்தியது. தெரிவானவர்களில் பலர் பாடசாலை ஆசிரியர்களும் நடுத்தர விவசாயிகளுமே, அதாவது நாம் சொல்லும் மிதவாதிகள். அதே ஆண்டில் வாரக்குடிகளைப் பதியும் பணியும் தொடங்கிற்று. அதிகாரிகள் காரியாலயத்தில் உட்கார்ந்து மனுவை எதிர்பார்க்கவில்லை. மாலையில், வேலை முடிந்து மக்கள் திரும்பும் நேரத்தில், ஊருக்குள் வந்து முகாமிட்டார்கள். யார் எந்த வயலை உழுகிறார் என்பது எல்லோர் முன்னிலையிலும் கேட்டு எழுதப்பட்டது. ஏறத்தாழ 14 இலட்சம் பேர் பதியப்பட்டனர். ஊர் கேட்டுக்கொண்டிருக்கும்போது மிதவாதியும் பொய் சொல்லத் துணியமாட்டார்.

ஆனால் அங்கும் கதை அத்துடன் முடியவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல ஊராட்சியும் கட்சியும் ஒன்றாயின. 2006, 2007 ஆம் ஆண்டுகளில் சிங்கூரிலும் நந்திகிராமிலும் தொழிற்சாலைகளுக்காக விவசாயிகளின் காணியை எடுக்க முற்பட்டது அதே இடதுசாரி அரசு. 2011 இல் மக்கள் அதனை வீட்டுக்கு அனுப்பினர். கேட்கும் காது மந்தமானால் எந்தக் கட்சிக்கும் அதுதான் கதி.

இன்றைய நிலைக்கு வருவோம். 2020 பொதுத் தேர்தலில் 3 ஆசனங்களை மட்டும் பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2024 நவம்பரில் 159 ஆசனங்களைப் பெற்றது. உறுதியான கொள்கைக்காரர்களால் மட்டும் இவ்வளவு பெரிய வெற்றி கிட்டியிருக்காது. ஊரூராக ஆசிரியர்களும் விவசாயச் சங்கத்தாரும் ஓய்வுபெற்ற உத்தியோகத்தரும் அதில் சேர்ந்தார்கள். விவசாய, காணி அமைச்சராக அவ்வேளை நியமிக்கப்பட்ட கே. டி. லால்காந்தவும் கண்டி மாவட்டத்திலிருந்தே தெரிவானவர். மலையகத் தமிழரின் காணி, வீட்டு உரிமை பற்றி அக்கட்சி 2023 இல் ஹட்டன் பிரகடனத்தில் வாக்குறுதியும் தந்துள்ளது. கொப்பேகடுவ காலத்தில் நம்மிடம் வாக்கு இல்லை. இன்று இருக்கிறது. இந்த வேறுபாடு சிறியதல்ல.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த வெள்ளமும் மண்சரிவும் கண்டி மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கின. பாதுகாப்பான மாற்றுக் காணி இப்போது வெறும் கோரிக்கையன்று, உயிர்ப்பிரச்சினை. கிராமத்தவரிடம் உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருக்கக்கூடும். லயத்தில் வாழ்ந்தவரிடம் பெரும்பாலும் எந்தக் கடதாசியும் இல்லை. தோட்டம் அரசினுடையது. முகாமை கம்பனியினுடையதாகவோ கூட்டுத்தாபனத்தினுடையதாகவோ இருக்கும். இடையில் நிற்பவர் நாம். இந்நிலையில் பட்டியல் மூடிய அறைக்குள் எழுதப்பட்டால், கடதாசி உள்ளவன் பெயரே முதலில் எழுதப்படும். அதை எழுதுபவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. தன் ஊரை மட்டும் அறிந்தவராக இருந்தாலே போதும்.

எனவே நமது பகுதிக்கு வரும் மிதவாதிகளிடம் மூன்று காரியங்களைக் கேட்போம்.

முதலாவது, பட்டியல் வெளியில் வாசிக்கப்பட வேண்டும். காணிக் கச்சேரி நமது நாட்டில் பழகிய முறைதான். அது மக்கள் வரக்கூடிய நேரத்தில், மக்கள் இருக்கும் இடத்தில், சிங்களத்திலும் தமிழிலும் நடக்கட்டும். இரண்டாவது, லயத்தில் எத்தனை ஆண்டு வாழ்ந்தோம் என்பதற்குப் பிறப்பு அத்தாட்சி, பாடசாலைப் பதிவு, சேமலாப நிதிக் கணக்கு ஆகியவை சான்றாக ஏற்கப்பட வேண்டும். காணி கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். மூன்றாவது, குடியேற்றத்தைக் கவனிக்கும் குழுவில் இடம்பெயர்ந்தோரின் ஆட்களை இடம்பெயர்ந்தோரே தெரிவு செய்ய வேண்டும்.

நம் பக்கத்திலும் கடமை உண்டு. துண்டுக்காகத் தனித்தனியே ஓடுவதை நிறுத்துவோம். கட்சிக் கிளைக் கூட்டத்துக்கு அழைத்தால் போவோம். அழைக்காவிட்டாலும் போவோம். பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பமும் அதே மழையில்தான் வீட்டை இழந்தது. அவர்களோடு சேர்ந்து ஒரே மனுவைக் கொடுத்தால், அதைப் பிரித்துப் பார்க்க எவராலும் எளிதில் இயலாது. 1970களில் கிராமமும் தோட்டமும் ஒன்றையொன்று பார்த்துப் பயந்து நின்றதனால்தான் பங்கிட்டவருக்கு வேலை சுலபமாயிற்று.

மிதவாதியை நாம் துரோகி என்று ஒதுக்கவும் வேண்டாம், தெய்வம் என்று கும்பிடவும் வேண்டாம். தனக்கு வாக்களித்த ஊருக்காகப் பேசுவது அவருக்குச் சுலபம். கட்சியின் உள்ளறையில், தன் ஊர்க்காரர் முகம் சுளித்தாலும், தன் ஊரைச் சேராத ஏழைக்காகவும் பேசுகிறாரா என்பதே அவரை அளக்கும் அளவுகோல். அப்படிப் பேசுபவருக்குத் துணை நிற்போம். பேசாதவரைப் பேசவைக்கும் வாக்கு இப்போது நம் கையில் இருக்கிறது.