படமுதலாளியின் வாசலில்

கதை எழுதுவது ஒரு வித்தை; எழுதிய கதையைப் படமுதலாளியின் காதில் போடுவது வேறொரு வித்தை. முதல் வித்தையைப் பற்றிப் பேசாதவர் நம் நாட்டில் இல்லை. இரண்டாவதைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை. ஆகவேதான் நல்ல கதைகள் பல பெட்டியின் அடியில் உறங்க, நாம் கொட்டகையில் உட்கார்ந்து கொட்டாவி விடும்படி நேருகிறது.

வானூரிலிருந்து ஓர் அன்பர் கடிதம் எழுதியிருக்கிறார். மரக்காணம் உப்பளத்தில் பாடுபடும் ஒரு குடும்பத்தைப் பற்றி இரண்டு வருஷம் உழைத்துத் திரைக்கதை எழுதியிருக்கிறாராம். சென்னையில் ஒரு பட ஸ்தாபனத்தில் அதை வாய்மொழியாகச் சொன்னாராம். கேட்டவர்கள், "நன்றாயிருக்கிறது, எழுதிக் கொடுங்கள்" என்றார்களாம். கொடுத்தால் கதை களவு போய்விடுமோ என்று பயம். கொடுக்காவிட்டால் படமாகாதே என்று கவலை. இந்த இரண்டுக்கும் நடுவே நான்கு மாதம் கழிந்துவிட்டது. "என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்.

இந்தப் பயம் புதிதன்று. எம். ஜி. ராமச்சந்திரன் முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சதி லீலாவதி' 1936-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எஸ். எஸ். வாசன் எழுதிய கதையை எல்லிஸ் டங்கன் படமாக்கினார். அது 'பதிபக்தி' நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று வழக்கு எழுந்தது. வாசன் நீதிமன்றத்தில் என்ன சொன்னார் தெரியுமா? இரண்டுக்குமே மூலம் ஸ்ரீமதி ஹென்றி வுட் எழுதிய 'டேன்ஸ்பரி ஹவுஸ்' என்னும் ஆங்கில நாவல்தான் என்றார். வழக்கும் அத்துடன் தீர்ந்தது. ஒரே கிணற்றில் இருவர் நீர் இறைத்தால், யார் யாருடைய தண்ணீரைத் திருடினார் என்று சொல்வது?

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை டில்லிவாசியான ஆர். ஜி. ஆனந்த் என்னும் நாடகாசிரியரின் அனுபவம் காட்டும். அவர் 1953-இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகம் எழுதினார். மாகாண வேற்றுமை பாராட்டும் இரு குடும்பங்களின் பிள்ளையும் பெண்ணும் காதலிக்கும் கதை அது. படத் தயாரிப்பாளரும் இயக்குநருமான மோகன் ஸைகல் அதைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கடிதம் எழுதினார். 1955 ஜனவரியில் ஆனந்த் தம் நாடகம் முழுவதையும் அவருக்குப் படித்துக் காட்டினார். ஒப்பந்தம் ஒன்றும் ஏற்படவில்லை. 1956-இல் மோகன் ஸைகலின் 'நியூ டில்லி' படம் வந்தது. அதிலும் மாகாண வேற்றுமை, அதிலும் காதல். ஆனந்த் வழக்குத் தொடுத்தார். சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்பு 1978-இல்தான் கிடைத்தது. அதுவும் அவருக்குப் பாதகமாகவே கிடைத்தது. கருத்துக்கு எவரும் சொந்தம் கொண்டாட முடியாது, கருத்துக்குக் கொடுத்த உருவத்துக்கே பதிப்புரிமை உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம்.

1930-இல் வேதாரண்யத்தில் நடந்த உப்பு சத்தியாக்கிரகத்தைப் பற்றிக் கதை எழுத எல்லோருக்கும் உரிமை உண்டு. உப்பளத்துக் குடும்பத்தைப் பற்றி எழுதவும் அப்படியே. ஆனால் அந்தக் குடும்பத்து மூத்த மகள் எந்த மழை இரவில் என்ன வார்த்தை சொன்னாள், அதனால் அடுத்த காட்சியில் எது கவிழ்ந்தது என்று நம் அன்பர் அமைத்திருக்கிறாரே, அந்த அமைப்பு அவருடைய சொத்து. வாயால் சொன்னது காற்றோடு போகும். காகிதத்தில் தேதியோடு நிற்பதே சாட்சி சொல்லும். ஆகையால், எழுதிக் கொடுப்பதில் ஆபத்து என்று அவர் நினைப்பது தலைகீழான எண்ணம். எழுதாமல் சொல்வதில்தான் ஆபத்து.

இதற்கும் உதாரணம் உண்டு. 'கிருஷ் கன்ஹையா' என்ற தொலைக்காட்சித் தொடருக்கான யோசனையைச் சன்டயல் என்ற ஸ்தாபனத்தார் விவரமாக எழுதி, பம்பாய் எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டு, ஜீ தொலைக்காட்சியாரிடம் அளித்தார்கள். பின்னர் ஜீயின் சொந்தத் தொடர் ஒன்று அதே சாயலில் வரவே, வழக்காயிற்று. நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த யோசனையைக் கொடுத்தவர் சம்மதமின்றிக் கையாளலாகாது என்று கண்டு, பம்பாய் உயர் நீதிமன்றம் 2003-இல் தடையை உறுதி செய்தது. நம் சென்னையிலேயே 2018-இல் 'சர்கார்' படம் வெளிவருமுன், வருண் ராஜேந்திரன் என்ற எழுத்தாளர் 2007-இல் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்திருந்த 'செங்கோல்' கதையைக் காட்டி நியாயம் கேட்டார். படத்தின் இயக்குநர் ஆட்சேபித்தார். முடிவில் உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, வருணின் பெயரைப் படத்தில் குறிப்பிட ஒப்புக்கொண்டார்கள். பதினொரு வருஷத்துக் காகிதம் பேசிற்று!

ஆகவே அன்பர் செய்யவேண்டிய முதற் காரியம் பதிவு. எழுத்தாளர் சங்கத்தில் பதியலாம். டில்லியிலுள்ள பதிப்புரிமை அலுவலகத்திலும் பதியலாம். பதியாவிட்டால் உரிமை இல்லை என்பதல்ல. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆனால் உப்பளத்துக்காரர் உப்பை வாரி அம்பாரமாகக் குவித்தபின் அதைக் கீற்றால் மூடாமல் வீட்டுக்குப் போகிறாரா?

இரண்டாவது, சுருக்கம். கடல் நீர் பாத்தி பாத்தியாக வற்றி அடர்ந்த பிறகுதான் உப்பாகிறது. அதுபோல் நூறு பக்கத் திரைக்கதையை ஒரு பக்கமாக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை இரண்டு வாக்கியமாக்க வேண்டும். யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது எது: இந்த மூன்றும் அந்த இரண்டு வாக்கியத்தில் அடங்கவேண்டும். முதற் கடிதத்தில் இரண்டு வாக்கியமும் ஒரு பக்கச் சுருக்கமும் போதும். முழுப் பிரதியைக் கேட்டபிறகு அனுப்பினால் அதற்கு மதிப்பு. யாருக்கு அனுப்புவது என்பதும் யோசிக்கத்தக்கது. பேய்ப் படமாக எடுத்துத் தள்ளுகிறவரிடம் உப்பளத்துக் கதையைக் கொண்டுபோவது கருவாட்டுக் கடையில் பூ விற்பது போலாகும். அவர்கள் முன்பு எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, இன்ன காரணத்தால் உங்களை நாடினேன் என்று ஒரு வரி எழுதினால், கடிதத்தைப் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவது, நினைவூட்டல். இங்கேதான் நம்மவர்கள் இரண்டு விதமாகக் கெடுகிறார்கள். சிலர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். சிலர் நாள்தோறும் டெலிபோன் அடித்து, கல்யாண வீட்டிலும் விடாமல் துரத்துகிறார்கள். நேரில் பேசிய மறுநாளே நன்றி கூறி, பேசிய விஷயத்தைத் தேதியோடு குறித்து, நாலு வரி மின்னஞ்சல் அனுப்பவேண்டும். அது மரியாதையும் ஆகும், சாட்சியும் ஆகும். நான்கு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கு அடுத்த மாதம் இன்னொன்று. அப்புறமும் மௌனமானால், "வேறிடத்துக்கு அனுப்புகிறேன், தங்கள் நேரத்துக்கு நன்றி" என்று எழுதி நகர்ந்துவிட வேண்டும். வேறொரு முதலாளி காத்திருக்கிறார் என்று பொய் சொல்லலாகாது. சினிமா உலகம் சிறியது. பொய் நமக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

நிற்க. கதை பிடித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். பதிப்புரிமைச் சட்டப்படி, கையொப்பமிட்ட எழுத்தில்லாமல் உரிமை கை மாறாது. எத்தனை காலத்துக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்து வருஷம் என்று கொள்ளப்படும். வாங்கியவர் ஓராண்டுக்குள் உபயோகிக்காவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடாத வரையில், அது எழுத்தாளரிடமே திரும்பும். 2012-இல் செய்த திருத்தத்தின்படி, கொட்டகைக்கு வெளியே படம் வேறு வகையில் பயன்படும்போது வரும் உரிமைத் தொகையில் எழுத்தாளருக்குச் சம பங்கு உண்டு. அதை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் செல்லாது. 'கதை இன்னார்' என்று பெயர் போடும் விஷயத்தையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். கதையை வாங்குவதற்கு எழுத்தாளரிடமே பணம் கேட்கிறவர் யாராயிருந்தாலும், அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஊர் திரும்புவது உத்தமம்.

ஜீவனத்துக்கு இருக்கும் வேலையை மட்டும் இப்போது விடவேண்டாம் என்று வானூர் அன்பருக்குச் சொல்லுவேன். அரிசிக்கு வழி உள்ளவன் பேரத்தில் அவசரப்படமாட்டான். பதிவு ரசீதைப் பத்திரப்படுத்திவிட்டு, அந்த ஒரு பக்கச் சுருக்கத்தை இந்த வாரமே அனுப்பட்டும். அனுப்பிய அன்று மாலையே அடுத்த கதைக்கு முதல் வரியையும் எழுதட்டும். பதிலுக்காகக் காத்திருக்கும் நாட்களைக் கழிக்க அதைவிட நல்ல வழி இல்லை.